ஏழுமலை மாமா பெயரில் ஒரு பாம்பு

எனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆரணியில் யார் வீட்டுப் பாத்ரூமில் பாம்பு நுழைந்தாலும் என் செல்போன்தான் அடிக்கிறது. "பாம்பு டாக்டருங்களா?" என்று கேட்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யச் சொல்கிறேன். "அப்ப நீங்க வரமாட்டீங்களா?" என்று மனசு உடைந்துபோய்க் கேட்பார்கள். நான் படித்ததெல்லாம் கண்ணாடிச் சாடியில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கிற, என் அப்பா பிறப்பதற்கு முன்பே செத்துப்போன பாம்புகளை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? வரப்பில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே போனால் கூட்டத்தில் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். (இரண்டாவது என் அம்மா. ஆனால் அவர் பாம்பைப் பற்றிப் படித்தவர் இல்லை.)

இந்தப் போன்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பாராட்டு விழாவைப் பற்றிக் கேட்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. கல்யாணத்தில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் டாக்டர். வாய் என்னுடையது. நடந்ததை ஒருமுறை நானே எழுதிவிட்டால், இனிமேல் கேட்பவர்களிடம் இந்தத் தாளை நீட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு எனக்குத் தென் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் சதா மழை பெய்துகொண்டிருக்கும் ஊர். அங்கே தரைப்பாம்புகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அனகோண்டா மாதிரி எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பென்சில் தடிமன், பழுப்பு நிறம், விஷம் கிடையாது. காய்ந்த இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு மண்புழு தின்று வாழ்கிற பரமசாது. அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி. எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை.

எப்படிப் பிரிப்பது? செதில்களை எண்ண வேண்டும். முதுகில் எத்தனை வரிசை, வயிற்றில் எத்தனை, வாலுக்குக் கீழே எத்தனை, மேலுதட்டில் எத்தனை. நுண்ணோக்கிக்கு அடியில் ஊசி முனையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். வயிற்றில் பாதி தூரம் போனபோது ஒரு தும்மல் வந்தால் மறுபடியும் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். வீடியோ காலில் இதை அம்மாவிடம் விளக்கினேன்.

"இத்தினி வருஷம் படிச்சிட்டு, செத்த பாம்பு வயித்த தடவிகினு கீறியா?" என்றார்.

சுருக்கமாகச் சொன்னால் அதுதான்.

ஒரு நாள் ஒரு பழைய சாடியில் மூன்று குட்டையான பாம்புகளைப் பார்த்தேன். ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட, வெறும் பழுப்பு நிறத்தில் இருக்கும் ஒரு பெரிய தரைப்பாம்பின் கூட்டத்தில் அவற்றையும் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் இந்த மூன்றுக்கும் தலைக்குப் பின்னால், கழுத்தைச் சுற்றி, வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. பெரியவற்றில் ஒன்றுக்குக்கூட அப்படி இல்லை. பட்டு நெய்கிற ஆரணியில் வளர்ந்தவளுக்கு இது போதாதா? உடல் ஒரே கலர், பார்டர் வேறு என்றால் அது வேறு சேலைதானே!

அருங்காட்சியகத்தில் என் மேலதிகாரி டாக்டர் மார்த்தா. தங்கமான மனுஷி, ஆனால் சந்தேகப் பிராணி. அவர் சாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவை குட்டிகள் இல்லையே?"

"இல்லை" என்றேன்.

குட்டியா பெரிதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டும். இருப்பதோ மூன்றே மூன்று. அறுக்க வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது ஊசி முனையைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இது குள்ளமான ஓர் இனம், இதில் பெரிசே இந்த அளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கு நிறம் மாறலாம், பிறந்தபோது இருந்த செதில் எண்ணிக்கை மட்டும் சாகும்வரை மாறாது. அந்த மூன்றின் எண்ணிக்கையும் பெரிய பாம்பின் எண்ணிக்கையோடு அப்படியே ஒத்துப்போனது. இதைப் பார்த்தால் சாதாரண புத்தியுள்ள மனுஷிக்கு என்ன தோன்றும்? எனக்கு, 'அடடா, இரண்டு வெவ்வேறு இனங்களுக்குள் என்ன ஓர் ஆச்சரியமான ஒற்றுமை!' என்று தோன்றியது. அதைக் கட்டுரையில் ஒரு பத்தியாகவே எழுதினேன்.

வேலைக்காலம் முடிந்ததும் ஆரணிக்கே திரும்பி வந்தேன். வேலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. (கௌரவம் உண்டு, மற்றதைக் கேட்காதீர்கள்.) காலையில் கண்ணமங்கலம் வழியாக பஸ், சாயங்காலம் அதே வழியாக பஸ், வீட்டுக்கு வந்து கட்டுரை. இந்த இடத்தில்தான் ஏழுமலை மாமா வருகிறார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். பட்டுக் கடைத் திறப்பு விழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்த நாள் என்று ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் மாமா கடை மிஷின் வழியாகத்தான் வெளியே வரும். நான் விலங்கியல் படிக்கப்போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் பி.எட். படி, கம்ப்யூட்டர் படி என்று கத்த, "அது ஆசப்பட்டத படிக்கட்டும், வுடு அக்கா" என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புது இனத்துக்கு அதைக் கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். குழம்பு ஊற்றப்போன மாமாவின் கை அப்படியே நின்றது.

"யார் பேரு வேணாலும் வெக்கலாமா?"

"வெக்கலாம் மாமா. தன் பேர தானே வெச்சிக்கறதுதான் நல்லா இருக்காது."

"ஓ" என்றார். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இந்த ஊர்ல செத்தவன் இருக்கிறவன் எல்லார் பேரையும் அடிச்சிட்டேன். நம்ம பேரு மட்டும் கடை போர்டுல கூட இல்ல" என்றார்.

உண்மைதான். கடையின் பெயர் அவருடைய குலதெய்வத்தின் பெயர். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அந்தப் பாம்புக்கு உங்க பேர்தான் மாமா" என்று சொல்லிவிட்டேன். லத்தீன் முறைப்படி ஏழுமலை என்பதற்குப் பின்னால் இன்னொரு 'இ' சேர்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டினேன்.

"ஏழுமலையி" என்று மாமா வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "பின்னாடி யாரோ கூப்புடற மாதிரி கீதே. பரவால்ல, இருக்கட்டும்."

வனஜா அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாம்புக்கு இவரு பேரா? அதுக்கு விஷம் உண்டா?"

"இல்ல அத்த."

"கடிக்குமா?"

"கடிக்காது. யாராவது தொட்டா சுருண்டு தலைய ஒளிச்சிக்கும்."

"அப்ப இவரேதான்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

மார்த்தாவிடம் கேட்டேன். அவருக்கும் மாமாவின் கதை பிடித்திருந்தது. ஆனால் கட்டுரை அச்சாகும்வரை வெளியே சொல்லாதே என்று எழுதியிருந்தார். நானும் மாமாவிடம், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிளக்ஸ் கடைக்காரரிடம் போய் 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று சொன்ன விஞ்ஞானி உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

சில மாதம் கழித்து, கட்டுரையை அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து சில சில்லறைத் திருத்தங்கள் கேட்டுப் பதில் வந்தது. "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி" என்று வீட்டில் சொன்னேன். மாமாவின் காதில் 'முடிஞ்சது' மட்டும் விழுந்திருக்கிறது.

அடுத்த வாரம் வேலூரிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு வந்தேன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது கண் விழித்தால், இரண்டு மாடி உயரத்துக்கு என் முகம். தலையில் கிரீடம். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கை கூப்பியபடி மாமா. எங்கள் இருவருக்கும் பின்னால் படமெடுத்து நிற்கிற ஒரு ராட்சச நாகம். கீழே, 'தென் அமெரிக்கக் காட்டில் ஏழுமலை பாம்பைக் கண்டெடுத்த எங்கள் குலவிளக்கே! பாராட்டு விழாவுக்கு அனைவரும் வருக!' கண்டக்டர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

நேராகக் கடைக்கு ஓடினேன்.

"இன்னா மாமா இது? அது நல்லபாம்பு!"

"நீ அனுப்புன போட்டோவ போட்டுதான் பாத்தேன். மண்புழு மாதிரி கீது. படம் எடுக்காத பாம்ப எவன் பாம்புன்னு ஒத்துக்குவான்?"

"இன்னும் அச்சாகல மாமா. மார்த்தா சொன்னாங்க..."

"ஆங், அந்தம்மாவையும் விழாவுல பேச வெக்கணும். எல்.இ.டி. ஸ்கிரீனுக்கு சொல்லிட்டேன். அவங்க ஊர்ல இருந்தே வீடியோ கால்ல வந்து ரெண்டு வார்த்த வாழ்த்தட்டும். மண்டபம் புக் ஆயிடிச்சு. சமையலுக்கும் ஆள் சொல்லியாச்சு. நீ ஜல்தியா ஒரு நல்ல சேலையா எடுத்துக்க."

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். நாளெல்லாம் வகுப்பெடுத்து, பஸ்ஸில் நின்று வந்த களைப்பு. அதோடு, சொல்லத்தான் வேண்டுமா, அந்தக் கிரீடம் எனக்கு அப்படியொன்றும் பொருந்தாமல் இல்லை. 'வீட்டில் சின்னதாக ஒரு விருந்து, மாமாவுக்கு வணக்கம் மட்டும் சொல்லுங்கள்' என்று மார்த்தாவுக்கு எழுதினேன். 'சந்தோஷம், எனக்கும் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை அவரே கூப்பிட்டிருக்கிறார். நான் ஜாக்கெட் தைக்கிற கடையில் இருந்தேன். என்ன விஷயமாக இருக்கப்போகிறது? கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லப்போகிறார், அதை விழாவிலேயே சொல்லட்டுமே என்று விட்டுவிட்டேன்.

விழாவன்று மண்டப வாசலில் ஒரு புதுக் குழப்பம். முள்ளிப்பட்டிலிருந்து நாலைந்து பெண்கள் சொம்பில் பாலும் கையில் முட்டையுமாக வந்து நின்றிருந்தார்கள். பேனரில் 'ஏழுமலை பாம்பு' என்று இருந்ததைப் பார்த்து, திருப்பதி மலையிலிருந்து ஏதோ தெய்வப் பாம்பு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

"பாம்ப எப்பம்மா காட்டுவாங்க? எட்டு மணி பஸ்ஸுக்கு போவணும்" என்றார் ஒருவர் என்னிடம்.

"அது தென் அமெரிக்காவுல இருக்குதுங்க."

"அவ்ளோ தூரம் போயிடிச்சா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை அவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே உட்கார வைத்தார். பால் காபிக்குப் போய்விட்டது.

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுக் கடைக்காரர்கள், மாமா பேனர் அடித்துக் கொடுத்த எல்லாக் கட்சிக்காரர்களும், என் பள்ளிக்கூடத்துப் பழைய தலைமையாசிரியர் தணிகாசலம் சார். செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் முடித்து அப்படியே வந்த அப்பா கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் சார்தான் தொகுப்பாளர். பள்ளியில் எனக்கு அறிவியலில் மார்க் குறைந்ததையெல்லாம் மறந்துவிட்டு, சின்ன வயதிலேயே நான் மண்புழுவோடுதான் விளையாடுவேன் என்று பேசினார். எனக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள். மாமாவுக்கு மாலை போட்டார்கள். கரை போட்ட புது வேட்டியில் மாமா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஊரே பேனரில் சிரிக்க, எப்போதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறவர். அன்றைக்கு மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யாரோ அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

இங்கே இருட்டத் தொடங்கியபோது அங்கே விடிந்திருந்தது. என் செல்போனை ஸ்கிரீனோடு இணைத்தார்கள். மேடை அளவுக்கு மார்த்தாவின் முகம் வந்தது. மண்டபமே கைதட்டியது. அவருக்கு என் முகம் மட்டும்தான் தெரியும். எனக்குப் பின்னால் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பது தெரியாது.

அவர் வணக்கம் சொல்லவில்லை. "கடைசியில் கிடைத்தாயே! எத்தனை முறை கூப்பிடுவது? இதைப் பார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தார். அவர் விரல்களில் பட்டையே இல்லாத ஒரு பெரிய பழுப்புப் பாம்பு சுற்றியிருந்தது. "ஒரு விவசாயி உயிரோடு கொண்டுவந்து கொடுத்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த பழைய இனம். இங்கே வந்து முட்டையிட்டது. போன வாரம் பொரிந்தது. இதோ!"

இன்னொரு கையை விரித்தார். உள்ளங்கையில் நூல் மாதிரி நாலு குட்டிகள் நெளிந்தன. நாலுக்கும் கழுத்தில் அழகாக, வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை.

"புரிகிறதா புவனா? பட்டை இருப்பது குட்டி. வளர்ந்தால் மறைந்துவிடுகிறது. நம்முடைய புது இனம் இந்த அம்மாவின் பிள்ளைதான். கட்டுரையை உடனே திரும்பப் பெற வேண்டும். நல்லவேளை, இதுவரை யாரிடமும் சொல்லவில்லையே?"

பின்னால் மண்டபமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் அவர்களுக்கு எட்டவில்லை, குட்டிகள் நன்றாகத் தெரிந்தன.

"குட்டி போட்டுக்குதுபா!" என்று ஒரு குரல்.

"ஏழுமலண்ணன் குட்டி போட்டுட்டாரு!" என்று இன்னொரு குரல். விசில் பறந்தது. முள்ளிப்பட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மார்த்தா மிரண்டுபோய், "அங்கே என்ன சத்தம்? உன் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் இணைப்பைத் துண்டித்தேன்.

மாமா முகமெல்லாம் சிரிப்பாக, மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "அந்தம்மா இன்னா சொன்னாங்கன்னு எல்லாருக்கும் தமிழ்ல சொல்லும்மா."

வாழ்த்துச் சொன்னார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். தப்பித்திருப்பேன். ஆனால் ஊசி முனையில் வருடக்கணக்கில் எண்ணியவளுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த எண்ணை மாற்றிச் சொல்ல நாக்கு வராது. மைக் ஆனில் இருப்பதை மறந்து, மாமாவிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பேசத் தொடங்கினேன்.

"மாமா, அந்தப் பெரிய பாம்பு அம்மா. சின்னது அதோட குழந்தைங்க."

"அதான் தெரியுதே."

"அம்மாவுக்கு ஏற்கெனவே பேர் இருக்குது மாமா. ரொம்ப வருஷம் முந்தியே வெச்சிட்டாங்க."

"இருந்துட்டு போவுது. கொழந்தைக்கு நம்ம பேர வெப்போம். அவங்கவங்க கொழந்தைக்கு பேரு வெக்கறதுதான?"

"அப்படி இல்ல மாமா. அம்மாவும் குழந்தையும் ஒரே இனம். ஒரு இனத்துக்கு ஒரே பேர்தான். நான் கண்டுபிடிச்சது புதுசு இல்ல."

மாமாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "அப்ப, கழுத்துல அந்தப் பட்டை?" என்றார்.

"வளர்ந்தா போயிடும் மாமா."

மூன்றாவது வரிசையில் இருந்த பட்டுக் கடைக்காரர் எழுந்து, பக்கத்தில் இருந்தவருக்கு உதவியாக விளக்கினார்: "சாயம் போயிடிச்சாம்பா!"

ஆரணியில் அந்த வார்த்தைக்கு இருக்கிற பலம் வேறெந்த ஊரிலும் கிடையாது. மண்டபம் குலுங்கியது. கட்சி வித்தியாசம் இல்லாமல் சிரித்தார்கள். அப்பா திடுக்கிட்டு எழுந்து, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். தணிகாசலம் சார் நிலைமையைச் சமாளிக்க, "இருந்தாலும் விஞ்ஞானத்தில் தோல்வி என்பதே..." என்று தொடங்கி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

மாமா மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "சரி. எல்லாரும் வந்துட்டீங்க. சாப்புட்டுட்டு போங்க" என்றார். பிறகு படியிறங்கிப் போய் இலை போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். பந்தி முடியும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இலைக்கும் குனிந்து வடை வைத்துக்கொண்டே போனார். நானும் சால்வையைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினேன். ஊற்றிய இடத்திலெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். "வுடும்மா, வேற பாம்பா கெடைக்காது?" என்றார் ஒருவர். சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

மாமா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. நான் கடைக்குப் போனால் மிஷினில் ஏதோ ரிப்பேர் பார்க்கத் தொடங்கிவிடுவார். கடைப் பக்கம் போகிறவர்கள், "இன்னா ஏழுமல, சாயம் கெட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சிறுபிள்ளைகள்கூடக் கேட்டன. அவர் பேனர் அடித்துக் கொடுத்த ஊர் முழுவதும், அவர் பெயர் இப்போதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது. பேனரைக் கழற்றியதும் ஒரு மாட்டுக் கொட்டகைக்காரர் கூரைக்குக் கேட்டு வாங்கிப் போனார். கிரீடத்தோடு நான் இன்னும் செய்யாறு ரோட்டில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் மாமாவே வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்தப் பெரிய பாம்புக்கு யார் பேரு வெச்சிக்கிறாங்க?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரர் மாமா. அந்தக் காலத்துல காட்டுல பாம்பு சேர்த்தவர்."

"அவருக்கு ஊர்ல விழா எதனா எடுத்தாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

மாமா ஒரு வாய் குடித்தார். "எடுத்திருக்க மாட்டாங்க" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்று, மார்த்தாவும் நானும் வேறு ஒன்று எழுதினோம். அந்தப் பழைய பாம்பின் குட்டிக்குக் கழுத்துப் பட்டை உண்டு, வளரும்போது மறைகிறது என்று இரண்டு பக்கத்துக் குறிப்பு. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் மாமாவின் பெயரையும் சேர்த்தேன். அச்சானதும் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொழில்காரராக உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த சைஸ்ல அடிச்சா எவன் படிப்பான்?"

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. இப்போதும் நான் தரைப்பாம்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாடியைத் திறந்தாலும் குட்டியா பெரிதா என்று நாலு முறை பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். வேலை மெதுவாகிவிட்டது. களைப்பு மட்டும் பழைய வேகத்திலேயே வருகிறது. குடும்பத்தில் யார் புதுச் சேலை எடுத்து வந்தாலும் முதலில் என்னிடம் நீட்டி, "இது புதுசா, இல்ல பழசோட கொழந்தையா?" என்று கேட்கிறார்கள். சிரித்துவைக்கிறேன். வேறென்ன செய்வது?

போன வருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. மறுநாள் காலையில் மாமாவும் அத்தையும் வந்தார்கள். நான் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். என் கணவர் குழந்தையை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முகத்தைப் பார்த்தார். துணியை விலக்கிக் கழுத்தைச் சுற்றி நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"இன்னாம்மா, பேரு வெச்சிடலாமா? இல்ல, கொஞ்சம் வளரட்டுமா?"